நாளொன்றுக்கு 32 டாலர் மட்டுமே!

முதலில் ஒரு கணக்கு. 11.11 சதவிகிதம் என்று ஒரு கட்டணம். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. நாமத்துக்கு மூன்று கோடு போதும், இதில் நாலு. எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் பல விமான நிலையங்களில் வாடகைக் கார் எடுத்தால் பில்லில் ‘கன்செஷன் ரெக்கவரி ஃபீ’ என்று ஒரு வரி இருக்கும். கன்செஷன் என்றதும் ஏதோ சலுகை என்று நினைத்து தாங்க்ஸ் சொல்லிவிடாதீர்கள். விமான நிலையத்துக்குள் கடை போட கம்பெனிக்கு இடம் கொடுத்தார்கள் அல்லவா, அதற்கு நிர்வாகம் கேட்கிற பங்கு. பொதுவாக வசூலில் 10 சதவிகிதம். அதைக் கம்பெனி தன் கையிலிருந்தா கொடுக்கும்? நம் தலையில் போடும். சரி, 10 போட வேண்டியதுதானே, 11.11 எதற்கு?

பி.காம். படித்ததற்கு இந்த மாதிரி இடங்களில்தான் எனக்கு ஒரு சந்தோஷம். வாடகை 90 டாலர் என்று வையுங்கள். நம்மிடம் 10 சதவிகிதம், அதாவது 9 டாலர், சேர்த்து வாங்கினால் மொத்த வசூல் 99. அதில் விமான நிலையத்தின் பங்கு 9 டாலர் 90 சென்ட். கம்பெனிக்கு 90 சென்ட் நஷ்டம்! ஆகவே 10 டாலராக வாங்குகிறார்கள். வசூல் 100, பங்கு 10, மிச்சம் சுளையாக 90. தொண்ணூறில் பத்து எவ்வளவு? 11.11. அதாவது நம்மிடம் வாங்குகிற கட்டணத்துக்குக் கட்டவேண்டிய பங்கையும் நம்மிடமே வாங்கிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்த அக்கவுண்ட்டன்ட்டுக்கு யாராவது சிலை வைத்தால் நான் மாலை போடத் தயார்.

ஊருக்குள் இருக்கிற கிளையில் வண்டி எடுத்தால் இந்த வரி பில்லில் இருக்காது. ஆனால் அங்கே போக டாக்ஸி பிடிக்கவேண்டும். இரண்டு நாள் வாடகைக்கு அது கட்டுப்படியாகாது. பத்து நாள் என்றால் யோசிக்கலாம்.

இதைத் தவிர கார் நிறுத்துமிடக் கட்டடத்துக்கு ஒரு கட்டணம், வண்டிக்குக் கம்பெனி கட்டிய லைசென்ஸ் செலவில் ஒரு பங்கு, மாநில வரி, உள்ளூர் வரி. ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் தனி. ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லையென்றால் தினமும் ஒரு தண்டம். பெட்ரோலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டால், மிச்சம் வைத்துத் திருப்பித் தந்தது கம்பெனிக்குக் கொசுறு. வாங்காமல் குறைவாக நிரப்பித் தந்தால் காலனுக்கு பங்க் விலையைவிட வெகு தூக்கலாக ஒரு விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 2013 மார்ச் முதல் காசு வாங்க ஆளே கிடையாது. காமிரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து பில்லை கார் சொந்தக்காரருக்கு அனுப்புகிறது. சொந்தக்காரர் யார்? வாடகைக் கம்பெனி. அது டோலையும் வாங்கி, ‘வசதிக் கட்டணம்’ என்று ஒன்றையும் சேர்த்து நம் கார்டில் தீட்டிவிடும். சில திட்டங்களில் இந்த வசதிக் கட்டணம் தினக்கணக்கு. பாலத்து டோலை வண்டி நம்பரைச் சொல்லி நாமே நேராகக் கட்டிவிட வழியிருக்கிறது. அஞ்சு நிமிஷ வேலை.

இதெல்லாம் பத்து, இருபது டாலர் சமாசாரம். எரிச்சல் வரும், ஏப்பம் விட்டால் போய்விடும். இனி வருவது அப்படியல்ல.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம். என் மச்சினன், சாஃப்ட்வேர், வயது 24, ஐந்து நாளைக்கு ஒரு கார் பதிவு செய்திருந்தான். நாளொன்றுக்கு 32 டாலர். (வலது பக்கம் ஓட்டுகிற தேசங்களில் நான் பயணி மட்டுமே, ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.) கவுண்ட்டரில் இருந்த அம்மணி எங்களைப் பார்த்த சிரிப்பில் சொந்த அத்தை மாதிரி வாஞ்சை. ‘ஃபுல் புரொட்டக்ஷன் போட்டுவிடட்டுமா? நிம்மதியாக ஊர் சுற்றலாம் பாருங்கள்’ என்றார். திரையில் வரிசையாகப் பெட்டிகள். மச்சினன் விரலை நீட்டிவிட்டான். நான் கையைப் பிடித்தேன்.

‘‘இரு மாப்ளே. ஒவ்வொண்ணா கூட்டு.’’

கார் 32. காருக்குச் சேதமானால் கேட்காமல் இருக்க 30. எதிராளிக்குச் சேதமானால் 17. நமக்கே அடிபட்டால், பெட்டி திருடு போனால் 8. மீசை சரியாக முளைக்காத குற்றத்துக்கு 27. ஆக 114 டாலர், வரிக்கு முன்னால். பின்னால் க்யூவில் ஒருவர் இருமினார். இருமட்டும்.

‘‘எட்டு டாலரை எடுத்துடலாம் அத்தான். அதான் டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோமே’’ என்றான். சரி. ஆஸ்பத்திரிச் செலவும் பெட்டியும் அதில் வருகின்றன. அடுத்து அவன் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது.

‘‘பதினேழையும் எடுத்துடலாம். முப்பது மட்டும் இருக்கட்டும். இடிச்சா வண்டிதானே போகும்?’’

‘‘வண்டிக்கு எதிர்ல ஒருத்தன் வருவானே, அவன்?’’

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். க்யூ காத்திருக்கட்டும்.

முப்பது டாலர் பெட்டியின் பெயர் சி.டி.டபிள்யூ. கொலிஷன் டேமேஜ் வெய்வர். திருட்டையும் சேர்த்தால் எல்.டி.டபிள்யூ. எல்லாரும் இதை இன்ஷூரன்ஸ் என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் இது இன்ஷூரன்ஸே அல்ல. ‘எங்கள் வண்டிக்கு ஏதாவது ஆனால் உன்னிடம் கேட்கமாட்டேன்’ என்று கம்பெனி எழுதித் தருகிற சத்தியம். சத்தியத்துக்கு நிபந்தனைகள் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் இல்லை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நண்பன் ஓட்டினால் இல்லை. தார் போடாத பாதையில் போனால் பல ஒப்பந்தங்களில் இல்லை. இது இல்லாமல் இடித்துவிட்டால் ரிப்பேர் செலவோடு போகாது. வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்த நாட்களுக்கு வாடகை, அடிபட்டதால் மார்க்கெட் விலை குறைந்ததற்கு ஈடு, இவற்றையெல்லாம் கணக்குப் பார்த்த சிரமத்துக்கு ஒரு நிர்வாகக் கட்டணம் என்று பட்டியல் வரும். ஆகவே இது வேண்டியதுதான். ஆனால் இதில் அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும்: ஒரு கார், கூட அந்தப் பட்டியல்.

பதினேழு டாலர் விவகாரத்தில் உச்சவரம்பு கிடையாது. எதிரே வந்தவரின் முதுகெலும்பு, அவருடைய ஆஸ்பத்திரி, அவர் வேலைக்குப் போகாத மாதங்கள், அவருடைய வக்கீல். அமெரிக்க ஆஸ்பத்திரி பில் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வாடகையோடு ஏதாவது சேர்ந்து வந்தால், பெரும்பாலும் மாநிலச் சட்டம் கேட்கிற குறைந்தபட்சத் தொகைதான். அது எவ்வளவு? கலிஃபோர்னியாவில் ஒருவர் காயத்துக்கு 15,000 டாலர் என்று 1967-ல் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல் 30,000. ஒரு விபத்தில் எத்தனை பேருக்கு அடிபட்டாலும் மொத்தம் 60,000. அடுத்தவர் சொத்துக்கு 15,000. மூட்டு உடைந்து ஆபரேஷன் செய்துகொண்டு நாலு நாள் படுத்தால் முப்பதாயிரம் எந்த மூலைக்கு?

‘கார் கம்பெனி பணக்காரக் கம்பெனிதானே, அவர்கள்மேல் கேஸ் போடட்டுமே’ என்பீர்கள். முன்பு சில மாநிலங்களில் அப்படித்தான் போட்டார்கள். 2005-ல் ‘கிரேவ்ஸ் திருத்தம்’ என்று ஒரு சட்டம் வந்தது. ஓட்டினவன் செய்த தப்புக்கு, வண்டியின் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் வாடகைக் கம்பெனியைப் பிடிக்க முடியாது என்று அது சொல்லிவிட்டது. பிறகு வக்கீல் யாரைத் தேடுவார்? ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த நம் ஆசாமியைத்தான்.

நம் ஊர்க்காரருக்கு இது உறைக்காததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் தர்ட் பார்ட்டி பாலிசியில் உயிருக்கும் உடலுக்கும் வரம்பே கிடையாது. சொத்து சேதத்துக்குத்தான் சொந்தக் காருக்கு ஏழரை லட்சம் ரூபாய் என்று வரம்பு. அந்தப் பழக்கத்தில், ‘தர்ட் பார்ட்டியெல்லாம் எப்படியும் இருக்கும்’ என்று போய்விடுகிறோம். ஊரில் இருக்கிற நம் கார் பாலிசி அமெரிக்காவில் செல்லாது. கூடுதல் பிரீமியம் கட்டினால்கூட நேபாளம், பூடான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு, அவ்வளவுதான் எல்லை. அதுவும் நம் வண்டிக்குத்தான். டிராவல் இன்ஷூரன்ஸில் ‘பெர்சனல் லயபிலிட்டி’ என்று பெரிய தொகை போட்டிருக்கிறதே என்று குஷியாகாதீர்கள். பொடி எழுத்தில் ‘மோட்டார் வாகனம் நீங்கலாக’ என்று பெரும்பாலும் இருக்கும். கிரெடிட் கார்டில் இலவசக் கார் இன்ஷூரன்ஸ் இருந்தால், அது வாடகை வண்டியின் சேதத்தோடு நின்றுவிடும். எதிராளியைத் திரும்பிப் பார்க்காது.

ஆக, ஒரு பெட்டியில்தான் டிக் அடிப்பேன் என்று யாராவது அடம் பிடித்தால், அது பதினேழு டாலர் பெட்டியாக இருக்கட்டும். எஸ்.எல்.ஐ. என்று போட்டிருக்கும். வரம்பைக் கேளுங்கள். 3 லட்சம் டாலர், 10 லட்சம் டாலர் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கவுண்ட்டர் அம்மணி பொறுமைசாலி. நான் ஒப்பந்தத்தைப் படித்து முடிக்கிறவரை சிரிப்பு மாறாமல் இருந்தார். மச்சினன் 30, 17 இரண்டையும் வைத்துக்கொண்டான். நாளொன்றுக்கு 106. முணுமுணுத்துக்கொண்டேதான் சாவியை வாங்கினான்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குப் பல பெரிய கம்பெனிகள் இந்த இரண்டையும் உள்ளடக்கிய வாடகை ஒன்றைத் தனியாக வைத்திருக்கின்றன. பதிவு செய்யும்போது ‘நீங்கள் வசிக்கும் நாடு’ என்று ஒரு கேள்வி வரும். அங்கே இந்தியா என்று போட்டால் கண்ணில் படும். பார்வைக்குத் தினவாடகை தூக்கலாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் கவுண்ட்டரில் தனித்தனியாக வாங்குவதைவிட அநேகமாகக் குறைவு. மச்சினன் அமெரிக்கா போகிறோமே என்று அமெரிக்கா என்று போட்டிருந்தான்! ஒன்று: நிஜமாகவே அங்கே குடியிருந்து, அந்த ஊர் லைசென்ஸ் வைத்திருக்கிற ஆன்-சைட் நண்பர்கள் இந்தியா என்று போடக்கூடாது. ‘உட்மோஸ்ட் குட் ஃபெய்த்’ என்று எங்கள் இன்ஷூரன்ஸ் பேப்பரில் ஒரு பாடம் உண்டு. பொய் சொல்லி வாங்கின பாதுகாப்பு, தேவைப்படுகிற அன்றைக்குக் கையை விரிக்கும்.

கார்டு விஷயம். ஆபீஸில் கொடுத்த ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினால் கவுண்ட்டரில் உதட்டைப் பிதுக்குவார்கள். முன்பணம் பூட்டி வைக்க ப்ரீபெய்ட் கார்டு பெரும்பாலும் ஆகாது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். சில நூறு டாலர் முடங்கிப்போகும் என்பதால் லிமிட் இருக்கிறதா பாருங்கள். 2020-க்குப் பிறகு ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் மூடியேதான் வரும். விமானம் ஏறுமுன் திறந்துகொள்ளுங்கள். கூடவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 4ஏ, ஆயிரம் ரூபாய், ஒரு வருஷத்துக்கு இன்டர்நேஷனல் பர்மிட். அசல் லைசென்ஸும் கையில் இருக்கவேண்டும்; பர்மிட் மட்டும் தனியாகப் பேசாது.

ஐரோப்பாவில் கதை உல்டா. தர்ட் பார்ட்டி சட்டப்படியே வாடகையில் சேர்ந்து வந்துவிடும். சி.டி.டபிள்யூ.வும் அநேகமாக உள்ளேயே இருக்கும். ஆனால் ‘எக்ஸஸ்’ என்று ஒரு தொகை: முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யூரோ வரை நஷ்டம் நம்முடையது. அதையும் ஒழிக்கத்தான் கவுண்ட்டரில் சூப்பர் கவர் விற்கிறார்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம், கூரை இவை சேர்த்தியா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளியே வேறு கம்பெனியில் மலிவாக எக்ஸஸ் பாலிசி எடுத்தால், முதலில் நாம் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகுதான் க்ளெய்ம் செய்யவேண்டும். வண்டி எடுக்கும்போது நாலு பக்கமும் செல்போனில் வீடியோ, கொடுக்கும்போது மறுபடி. ஐஸ்லாந்தில் மணல், சாம்பல் காற்றுக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். அதை வாங்கினாலும், காற்று கதவைப் பிடுங்கி மடக்கினால் அநேகமாக நம் செலவு. ஆற்றில் இறக்கினால் அதுவும் நம் செலவு. ஆகவே அங்கே கதவைக் கையில் பிடித்துக்கொண்டே இறங்கவேண்டும், நம் டவுன் பஸ் மாதிரி.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளி வண்டி நுழைய நேரக் கட்டுப்பாடு உண்டு. ‘இஸட்.டி.எல்.’ என்று பலகை இருக்கும், காமிரா இருக்கும், போலீஸ்காரர் இருக்கமாட்டார். நீங்கள் சாவகாசமாகப் படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவீர்கள். சில வாரம் கழித்து கார்டில் ஒரு சிறு தொகை போயிருக்கும். அது அபராதம் அல்ல. உங்கள் விலாசத்தைப் போலீஸுக்குச் சொன்னதற்குக் கம்பெனி வாங்கின கூலி. அபராதக் கடிதம் தனியாக வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. ஹனிமூனில் நுழைந்த சந்துக்கான காகிதம், குழந்தையின் புண்ணியாகவாசனத்தன்று ரெஜிஸ்டர் தபாலில் வந்து சேரும்.