தரைத்தளம் கடைக்கே உரியது

மாலையில் ஓசூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருக்களுக்குப் போனால், இந்த ஊரின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்க்கிறார். விலை கேட்பது தமிழில், பதில் வருவது தெலுங்கில், பக்கத்துக் கடைக்காரர் சில்லறை எண்ணுவது கன்னடத்தில். கீரை தளியிலிருந்தோ தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ விடியலில் வந்திருக்கும்.

இந்தத் தெருக்களின் தரைத்தளத்தில் இனி இருக்கப்போவது யார், கடையா, அலுவலகமா? நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தரைத்தளம் கடைக்கே உரியது. அலுவலகம் மாடியில் இருக்கட்டும். மாடி போதாதென்றால், அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போகட்டும்.

1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது ஓசூர் ஒரு சிறிய தாலுகா ஊர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. ஆலைக்கு அரசு இடம் பார்த்துக் கொடுத்தது. அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு அரிசியும் செருப்பும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் விற்க யாரும் இடம் ஒதுக்கவில்லை. வியாபாரிகள்தான் தெருத்தெருவாக அதை உண்டாக்கினார்கள். 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 400 கோடி ரூபாய் செலவில், 5 லட்சம் சதுர அடியில் டைடல் என்னும் தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்ற அறிவிப்பு வந்தது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் கடைத்தெருவில் வாடகைப் பேச்சு ஒரு படி ஏறுகிறது. முப்பது வருடம் தையல் மிஷின் ஓடிய இடத்துக்கு, ஆள் எடுக்கும் ஏஜென்சி கூடுதல் அட்வான்ஸ் தரத் தயாராக நிற்கிறது.

சட்டம் இதைத் தடுக்காது. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி கடையும் அலுவலகமும் ஒரே ‘வணிகப் பகுதி’க்குள் அடங்கிவிடுகின்றன. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம். ஆகவே எது இருக்கும், எது போகும் என்பதை வாடகைதான் முடிவு செய்கிறது. வாடகையின் கையில் ஊரை ஒப்படைப்பது நியாயமல்ல.

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் சிக்கி பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய், இரவில் களைத்துத் திரும்புகிறார்கள். உள்ளூரிலேயே அலுவலகம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது முழுக்கச் சரி. ஆனால் அதற்குக் கடைத்தெருவைத்தான் காலி செய்ய வேண்டுமா? ஓசூரை அடுத்த விஸ்வநாதபுரத்தில் அரசு நிறுவனமான எல்காட் கையில் நூறு ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அங்கே கட்டிய அலுவலகக் கட்டடம் போதிய நிறுவனங்கள் வராமல் பல ஆண்டுகளைக் கழித்தது. அங்கே பஸ் விடுங்கள், சாலை போடுங்கள், டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் இடம் கொடுங்கள். அலுவலகம் தானாக வரும்.

அலுவலகம் மட்டுமே இருக்கும் நகர மையம் என்னவாகும் என்பதை சான் பிரான்சிஸ்கோ காட்டிவிட்டது. 2020-க்குப் பிறகு ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும், அவர்களை நம்பியிருந்த தெருக்களில் கடைகள் வரிசையாக மூடப்பட்டன. கடைத்தெருவுக்கு அப்படி ஒரே வாடிக்கையாளர் கிடையாது. விவசாயி, மாணவி, நோயாளியைப் பார்க்க வந்த உறவினர் என எல்லோரும் அங்கே வந்து போகிறார்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. வண்டி நிறுத்துமிடமாக வரைபடத்தில் காட்டிய கீழ்த்தளத்தைக் குடோனாக்கியதும், சரக்கை நடைபாதையில் பரப்பி மக்களைச் சாலையில் நடக்க விட்டதும் தவறு. அதைத் திருத்தாமல் ஊரின் ஆதரவைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அதே நேரத்தில், நடைபாதையைச் சீர் செய்கிறோம் என்று கீரைக்காரியையும் பூக்காரியையும் விரட்டுவதை ஏற்க முடியாது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அவர்களுக்கான இடமும் இந்தத் தெருக்களுக்கான திட்டத்திலேயே வர வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் விரிவான வளர்ச்சித் திட்டம் வகுக்க வழி இருக்கிறது. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு அப்படியொரு திட்டம் வகுத்து, தரைத்தளம் சில்லறை வியாபாரத்துக்கு மட்டும் என்று அதில் எழுத வேண்டும். வரைவு வெளியானால் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. ஓசூர் வாசகர்களே, அந்த அறிவிப்பு வரும் நாளில் டீக்கடையில் பேசிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். எந்தத் தெரு, எந்தக் கடை, எத்தனை வருடமாக நடக்கிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள்.