தீர்ப்பு முதலில், சோதனை பிறகு

நமது இலக்கியக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. "விஞ்ஞானத்தின் பெயரால் நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். இனி விஞ்ஞானத்தை நம்பும்படி எங்களுக்குச் சொல்லாதீர்கள்." அண்மையில் ஒரு நூல் வெளியீட்டிலும் ஒருவர் இதைச் சொன்னார். சபை கைதட்டியது. இவ்வாசகத்தின் முதற்பாதி வலி. அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டாம் பாதி பிழை. அதுவும், எரித்தவர்களுக்கு மிகவும் வசதியான பிழை என்பதே என் வாதம்.

மடுல்கெல்லப் பக்கத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் இருபது வருடமாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பல்கலைக்கழகம் போனவனல்லன், ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன். வைரசுகளைப் பற்றி நிபுணனாகப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் தரம் 10 பிள்ளைக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு பரிசோதனையின் ஒழுங்கை. அவதானம், கருதுகோள், சோதனை, கடைசியில் முடிவு. முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப அட்டவணையை நிரப்பிக்கொண்டு வரும் மாணவனுக்கு நான் புள்ளி போடுவதில்லை. நமது நாட்டின் பொதுக்கொள்கை விவாதங்களிலோ அந்த மாணவன்தான் திரும்பத் திரும்ப முதலாம் பிள்ளையாக வருகிறான்.

திகதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கொவிட்-19 இல் இறந்தோரை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியது 2020 மார்ச் 24 இல். நமது சுகாதார அமைச்சு மார்ச் 27 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் நல்லடக்கத்துக்கு இடமிருந்தது. மார்ச் 31 இல் அது திருத்தப்பட்டது. தகனம் மட்டுமே என்றானது. ஏப்ரல் 11 இல் வர்த்தமானி அதைச் சட்டமாக்கியது. மார்ச் 27 க்கும் 31 க்கும் இடைப்பட்ட நான்கு நாட்களில் எந்த ஆய்வுகூடம் எதைக் கண்டுபிடித்தது? அந்நாட்களில் நடந்ததாக நாமறிந்தது ஒன்றுதான்: கொவிட்டில் ஒரு முஸ்லிம் முதன்முதலாக மரணித்தார்.

சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். நமது நிலத்தடி நீர்மட்டம் உயரம், புதைத்தால் கிருமி நீரில் கலக்கும் என்றார்கள். இது ஒரு கருதுகோள். கருதுகோள் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் கருதுகோளுக்குப் பின் சோதனை வர வேண்டும். எந்தக் கிணற்றிலிருந்து எத்தனை மாதிரி எடுத்தார்கள், முடிவு என்ன என்று நாட்டின் முன் ஒரு தாள் வைக்கப்படவில்லை. கருதுகோள் நேரே சுடலைக்குப் போனது.

பாடசாலைகள் மூடிக்கிடந்த அந்த நாட்களில் என் மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். "சேர், வருத்தக்காரர் உயிரோட இருக்கிறப்போ அவங்கட மலசலமெல்லாம் குழிக்குள்ளதானே போகுது? அதிலருந்து தண்ணிக்கு வராத கிருமி, கபன் பண்ணி ஆறடியில வெச்ச மையித்திலருந்து மட்டும் எப்பிடி வரும்?" அவளுக்குப் பதினைந்து வயது. ஒரு நிபுணர் குழுவின் முன் முதலில் வைக்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தொற்றியவர்களின் மலத்தில் வைரசின் தடயம் இருப்பது அப்போதே உலகறிந்த விடயம். பல நாடுகள் கழிவுநீரைச் சோதித்துத்தான் தொற்றின் ஏற்ற இறக்கத்தைக் கணித்தன. அப்படியிருந்தும் குடிநீரால் இந்நோய் பரவியதாக எங்கும் நிறுவப்படவில்லை. 2004 சுனாமியில் 30,000 க்கும் அதிகமானோரை இழந்த நாடு இது. தென்பகுதியிலும் கிழக்கிலும் கடற்கரை மணலில், நீர்மட்டம் கைக்கெட்டும் இடங்களில், கூட்டங்கூட்டமாகப் புதைத்தோம். அன்று நிலத்தடி நீர் எவருடைய நினைவுக்கும் வரவில்லை.

இனி, இந்த நிலைப்பாட்டின் விஞ்ஞானப் பற்று எத்தகையது என்பதையும் பார்ப்போம். 2020 நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி நோய் நீங்க மந்திரித்த நீர்க் குடத்தை ஆற்றில் விட்டார். டிசம்பரில் கேகாலை நாட்டு வைத்தியர் ஒருவரின் தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்காக கொவிட் கட்டுப்பாடுகளையும் மறந்து ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அமைச்சரும் அதைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. பாணிக்கு ஆதாரம் கேட்காத அதே அதிகாரம், மையித்தை மண்ணில் வைப்பதற்கு மட்டும் ஆதாரம் கேட்டது.

அந்த டிசம்பரிலேயே, பிறந்து இருபது நாளான சிசுவொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் 1 இல், உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்திருந்தது. மாத இறுதியில் பேராசிரியர் ஜெனிஃபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு அடக்கமும் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் அதையே சொல்லின. ஆயினும் சமய, சமூக, அரசியல் காரணங்களுக்காக முடிவை மாற்ற முடியாது என்று 2021 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பதில் வந்தது.

முடிவு மாறியதும் எதனால்? பெப்ரவரி 22 இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. 23 இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் இறங்கினார். 25 இல் அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. நிலத்தடி நீர் அந்த மூன்று நாட்களில் கீழே இறங்கிவிடவில்லை. மார்ச்சிலிருந்து ஒட்டமாவடி மஜ்மா நகரில் ஒரு வருடத்துக்குள் 3,600 க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். அவர்களில் இந்துக்களும் பௌத்தரும் கிறிஸ்தவரும் சில நூறு பேர். எங்கள் மலைத்தோட்டங்களில் இந்துக்கள் பலரும் இறந்தோரைப் புதைப்பவர்களே. இது நம் வீட்டுத் துக்கம் மட்டும் என்று எண்ணுவோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2024 ஜூலையில் அமைச்சரவை பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. பாதுகாப்பான அடக்கத்தால் நீருக்குக் கிருமி வருவதில்லை எனக் காட்டிய நீராய்வுகளை அப்போது ஆதாரமாகச் சொன்னார்கள். அவற்றுள் முதலாவது ஆய்வு எப்போது நடந்தது? 2021 ஜூலையில். எரித்து முடித்த பிறகு. இவ்விடயம் முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு திகதி போதும்.

ஆகவே நம் ஜனாஸாக்களை எரித்தது விஞ்ஞானமன்று. அதன் வெள்ளை அங்கியை இரவல் வாங்கி அணிந்த அரசியல். உண்மையான விஞ்ஞானம் அந்நேரம் எங்கே நின்றது? 2003 இல் சார்ஸ் வைரசை அடையாளங்கண்ட ஆய்வாளர்களில் முதன்மையானவரான பேராசிரியர் மலிக் பீரிஸ், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிலும் பேராதனையிலும் படித்தவர். வைரஸ் உயிருள்ள கலத்தில்தான் பெருகும், இது நீரால் பரவும் நோயன்று என்று அவர் ஹொங்கொங்கிலிருந்து வெளிப்படையாகச் சொன்னார். நமக்காகப் பேசிய மருத்துவர்கள் பலர் நம் சமயத்தவரல்லர். அவர்கள் சமயத்தைப் பேசவுமில்லை, ஆதாரத்தைப் பேசினார்கள். விஞ்ஞானத்தை நம்பாதே என்று இன்று மேடையில் சொல்பவர் முதலில் இவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

சோதனைக்கு முன் தீர்ப்பு என்பது கொவிட்டோடு வந்த பழக்கமன்று. கண்டி மாவட்டத்தில் வாழும் நாம் 2018 ஐ மறக்க முடியாது. பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தார், கண்டது மாக்கட்டி. அப்படியொரு மாத்திரை உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் வதந்தி கைத்தொலைபேசிகளில் நாடெங்கும் ஓடிவிட்டது. மார்ச் முதல் வாரம் திகனையும் தெல்தெனியவும் எரிந்தன. அங்கு தீ மூண்டதற்கு உடனடிக் காரணம் வேறு; ஆனால் விறகை அடுக்கியதில் அந்த மாத்திரைக் கதைக்கும் பங்குண்டு. அரசு முகநூலை முடக்கியது மார்ச் 7 இல். முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020 மே மாதத்தில். இங்கும் சோதனையும் வருத்தமும் சாம்பலுக்குப் பின்னர்தான் வந்து சேர்ந்தன.

மூன்றாவது உதாரணத்தைத்தான் நமது வட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறோம். அதனாலேயே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இயற்கை விவசாயத்துக்குப் பத்து வருடத்தில் மாறுவோம் என்பது கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பத்து வருடம் ஒரு நாளாகச் சுருங்கியது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே இடைவிடாது எச்சரித்தார். அந்த நவம்பரில் விவசாய அமைச்சின் கீழ் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதம் தடையும் நீக்கப்பட்டது. சொன்னவருக்குத் தண்டனை, சொன்னதற்கு ஒப்புதல்!

விலையைக் கட்டியவர் யார்? 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. எங்களூர் மலையில் அதன் பொருள் வேறு. உரங்காணாத செடியில் கொழுந்து எழும்பாது. கொழுந்து எழும்பாவிட்டால் நிறுவையில் கிலோ சேராது. கிலோ சேராவிட்டால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் பிள்ளை பாடசாலைக்கு வராது. அந்த வருடம் என் வரவுப் பதிவேட்டில் விழுந்த வெற்றிடங்களுக்கு அந்த வர்த்தமானியும் ஒரு காரணம். தேசியக் கொள்கை என்பது கொழும்பில் பேசப்படும் பெரிய சங்கதி என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கொழுந்து நிறுக்குமிடத்தில் வந்து நிற்கட்டும்.

இந்தக் கதையிலும் ஒழுங்கு மாறாத ஓரிடம் இருந்தது. சீனாவிலிருந்து சேதன உரத்தோடு வந்த கப்பலின் மாதிரிகளை நமது தாவரத் தொற்றுத் தடுப்புச் சேவையினர் முன்கூட்டியே சோதித்தார்கள். தீங்கான பக்டீரியா இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். உரம் இறக்கப்படவில்லை. அரசியல் நெருக்குதலால் 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது உண்மை. ஆயினும் அந்த உரம் நம் மண்ணில் விழவில்லை. சோதனை முதலில் வந்தால் சாதாரண அரச உத்தியோகத்தரின் ஒரு தாளுக்கும் இவ்வளவு பலம் உண்டு.

நம் ஜனாஸாவுக்காக மற்றவர்கள் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தோம், அது நியாயம். பேசினார்கள். மாரம்பேயின் பொறுப்புகள் பறிக்கப்பட்டபோது நம் சஞ்சிகைகளில் எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டது? சிங்கள விவசாயியின் வயலும் தோட்டத் தொழிலாளியின் அரைப் பேரும் அதே பொய்யான விஞ்ஞானத்தால் பலியானவைதானே? ஆதாரம் என்பது நம் மையித்துக்கு வேண்டும், அவர்களுடைய பயிருக்கு வேண்டாம் என்றால், அது ஆதாரத்தின் மீதுள்ள பற்றாகுமா?

இன்னும் கசப்பான ஒன்று. கொரோனாவே சதி, தடுப்பூசியால் மலடு வரும் என்ற வட்ஸ்அப் செய்திகள் நம் மஹல்லாக்களிலும் தாராளமாகச் சுற்றின. அம்பாறையில் மலட்டு மாத்திரைக் கதையால் அடிபட்ட சமூகம், மலட்டு ஊசிக் கதையை நம்பி முன்னனுப்புவதைப் போன்ற அவலம் வேறென்ன? செய்தியொன்று வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கிறது. அது அடுத்தவர் செய்திக்கு மட்டுமான கட்டளையன்று.

எழுத்தாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த நாட்களில் நல்ல கவிதைகள் வந்தன. சிலவற்றை நானும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணீர் தேவை. ஆனால் மார்ச் 27 க்கும் 31 க்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதப்பட்ட தமிழ்க் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது. நிபுணர் குழு என்று எவர் சொன்னாலும் மூன்று கேள்விகளை உடனே வைக்க வேண்டும்: குழுவில் யார் யார்? எதைச் சோதித்தார்கள்? அறிக்கை எங்கே? இம்மூன்றையும் கேட்பதற்கு வைரசியல் பட்டம் தேவையில்லை. எழுதத் தெரிந்தால் போதும்.

இன்னொரு வேலையும் உண்டு. மலைப்பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகள் பலவற்றில் 'விஞ்ஞான ஆய்வுகூடம்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் உடைந்த கதிரைகளே இருக்கின்றன. சோதனைக் குழாயைப் பாடநூற் படத்தில் மட்டும் கண்ட பிள்ளை, நாளை வளர்ந்து ஓர் அமைச்சரிடம் "சோதித்தீர்களா?" என்று எப்படிக் கேட்கும்? பள்ளிவாசலுக்கு மினாரா கட்ட ஊரே திரளும் நம் தனவந்தர்கள், ஒரு நுணுக்குக்காட்டிக்கும் திரளட்டும். ஊர்க் கிணற்று நீரை ஒரு துளி எடுத்து அதன் கீழ் வைத்துப் பார்த்த பிள்ளையை, அந்தக் கிணற்றின் பெயரால் எவரும் இலகுவில் ஏமாற்ற முடியாது.