வேலையிழந்தவருக்குப் படிவம் இல்லை

வேலையில்லாப் பட்டதாரி நம் சிறுகதைகளின் நிரந்தரக் குடிமகன். சான்றிதழ்க் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஏறி இறங்காத படிகள் இல்லை. வேலை கிடைத்து, பிறகு அதை இழந்தவனோ நம் எழுத்தில் அரிதாகவே தென்படுகிறான். இலக்கியத்தின் இந்த மறதியை மன்னித்துவிடலாம். அரசின் விதிமுறைகளிலும் அதே மறதி குடியிருப்பதைத்தான் நம்மால் மன்னிக்க முடியவில்லை.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி கிரிவலம் தடைபட்டது. 14 கிலோமீட்டர்ப் பாதை வெறிச்சோடியது. விடுதியில் அறை துடைத்தவர், உணவகத்தில் இலை எடுத்தவர், கூலிக்குப் பூத் தொடுத்தவர் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இத்தகைய வேலைகளில் சேரும்போதும் கடிதம் இல்லை, நீங்கும்போதும் இல்லை. இவர்கள் அரசின் எந்தக் கதவைத் தட்டுவது?

முதற்கதவு, தமிழக அரசு 2006இல் கொண்டுவந்த வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதைக் கேட்பதற்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவைத் தவறாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்கு வருவாய்த் துறையின் சான்று வேண்டும். சுயதொழில் எதுவும் செய்யக் கூடாது. (மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் சற்றே இளகும்.) நேற்று வேலை போனவனிடம் ஐந்தாண்டுப் பொறுமைக்கு அத்தாட்சி கேட்பதை என்னவென்று சொல்வது? பௌர்ணமி இரவில் நடைபாதையில் கற்பூரம் விற்றுப் பிழைத்தால் அதுவும் சுயதொழில்தானே!

இரண்டாவது கதவு ஈ.எஸ்.ஐ. கழகத்துடையது. 2018 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். பெயரை உச்சரிக்கவே விண்ணப்பதாரருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் கால் பங்கு, அதுவும் வாழ்நாளில் 90 நாட்களுக்கு. விண்ணப்பமோ கடைசி முதலாளியின் வழியாகப் போக வேண்டும். வெளியே தள்ளிய கையிடமே கையொப்பம் கேட்கும் இந்த ஏற்பாடு எவர் மூளையில் உதித்ததோ! 2020இல் கொரோனா வந்த பிறகுதான் கால் பங்கு அரைப் பங்காயிற்று. கிளை அலுவலகத்தில் நேராக விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது. நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் இக்கதவு சந்தா கட்டியவருக்கே திறக்கும். செய்யாறு சிப்காட்டில் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் ஆலைத் தொழிலாளிக்கு அது பயன்படலாம். நான்கைந்து பேர் வேலை செய்யும் விடுதியிலும் பூக்கடையிலும் சந்தாவுக்கு எங்கே போவது?

ஒருவர் வேலையே பெறாதவர், மற்றவர் பதிவேட்டில் பெயருள்ளவர். இருவருக்கும் நடுவே விழுந்தவர்தான் இந்த ஊரின் பெரும்பான்மைத் தொழிலாளி.

அண்ணாமலையார் ஊரில் எவரும் பட்டினி கிடப்பதில்லை, வழியெங்கும் அன்னதானம் நடக்கிறதே என்று ஆறுதல் சொல்லும் அன்பர்கள் உண்டு. அன்னதானத்தின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அங்கே வருமானச் சான்று கேட்பாரில்லை என்பதே பெரிய விஷயம். ஆனால் அந்தச் சோறு வீட்டு வாடகை கட்டாது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் செலுத்தாது. உழைத்துத் தின்றவனை ஏந்தித் தின்னச் சொல்வது எந்த தர்மத்தில் சேர்த்தி?

சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறியாவான் என்பது இன்னொரு வாதம். 600 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 20 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். பட்டதாரியின் மாத உதவி இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. இந்தத் தொகையில் சோம்பேறியாக வாழ அசாத்தியத் திறமை வேண்டும்.

வேலையின்மையில் அரசின் உதவி பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதை நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது என்று 37ஆம் பிரிவு முன்கூட்டியே கதவைச் சாத்திவிட்டது. பிரிட்டன் 1911இலேயே சில தொழில்களுக்கு வேலையின்மைக் காப்பீடு கொண்டுவந்தது. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் கட்டினர். இங்கும் விடுதி உரிமையாளர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டட்டும், அரசும் தன் பங்கைப் போடட்டும். வேலை போன நாளையே விண்ணப்ப நாளாகக் கொள்ளும் படிவம் ஒன்றை, ஒரு பக்கத்தில், தமிழில் அச்சிடட்டும்.