மார்ச் 31-க்கும் முதல் மழைக்கும் நடுவே

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதுதான் பெரிய வழிபாடு. தடைகள் நீங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருபவர்கள் காலையிலிருந்தே உடைக்கிறார்கள். ராணுவத்தின் பொறுப்பில் உள்ள கோயில் அது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒழுங்கு குலைவதில்லை. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு விதமான தடை இருக்கிறது. அதை நீக்குவது அரசு அலுவலகங்களின் வேலை. ஆண்டுதோறும் நீக்குகிறார்கள். ஆண்டுதோறும் அது திரும்பி வந்துவிடுகிறது.

அதன் பெயர் ஆமயிழஞ்சான் தோடு. மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. நகரின் மேட்டுப் பகுதியில் பிறந்து, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் நூறு மீட்டருக்கு மேல் குகை மாதிரியான பாதையில் நுழைந்து, பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் சேர்கிறது. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டர். தம்பானூரும் கிழக்கேகோட்டையும் பள்ளமான பகுதிகள். ஒரு மணி நேரம் பலமாக மழை பெய்து, ஓடையும் அடைத்துக்கொண்டால் பஸ் நிலையமும் கடைவீதியும் தண்ணீரில் நிற்கும். நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தமிழர்களுக்கும், சாலை பஜாரில் தலைமுறைகளாகக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இது பழகிப்போன காட்சி.

இதைத் தடுக்க வேண்டிய மாநகராட்சிக்கு ஆண்டு என்பது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்குவது என்று கேரளம் முடிவு செய்தது. அதிகாரத்தைக் காகிதத்தில் மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கோட்டையிலேயே வைத்துக்கொண்ட மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம். வார்டு கூட்டங்களில் மக்கள் கேட்பதைத் தொகுத்து, வளர்ச்சிக் கருத்தரங்கில் விவாதித்து, கவுன்சிலில் நிறைவேற்றி, மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல் பெற்று, அதன் பிறகே வேலைக்கு டெண்டர். வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கரைகின்றன. கடைசியில் எல்லாம் மார்ச்சில் வந்து குவிகின்றன. பில்கள் கருவூலத்தில் வரிசையில் நிற்கின்றன. முடியாத வேலைகள் அடுத்த ஆண்டின் தலையில் ஏறுகின்றன.

மேகத்துக்கு மார்ச் 31 தெரியாது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கால்வைக்கும் வழக்கமான தேதி ஜூன் 1. கணக்கு முடிந்து புதுக் கணக்கு தொடங்கிய பிறகு, ஓடைகளைத் தூர்வாரக் கிடைப்பது ஏறத்தாழ 60 நாட்கள். அதற்குள் கோடை மழை வேறு. 2025-ல் பருவமழை மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. அறுபது நாட்களில் எட்டு நாட்களை வானமே எடுத்துக்கொண்டது. அக்டோபரில் வடகிழக்கு மழை வரும்போது தூர்வாரிய ஓடை மறுபடி நிரம்பியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை என்று ஒதுக்கிய வேலைக்கு மழை இரண்டு முறை வருகிறது.

மாநகராட்சிக்குத் திறமை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. ஆற்றுகால் பொங்கல் நாளில் இந்த நகரத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கும்ப மாதத்தில், அதாவது பிப்ரவரி-மார்ச்சில், பல லட்சம் பெண்கள் தெருவில் செங்கல் அடுப்பு கூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். 2009-ல் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. ஆற்றுகாலில் தொடங்கும் அடுப்புகள் கிழக்கேகோட்டை, பழவங்காடி, தம்பானூர் என்று நீண்டுகொண்டே போகும். பிற்பகலில் நைவேத்தியம் முடிந்து பெண்கள் வீடு திரும்பியதும் துப்புரவுத் தொழிலாளர்கள் இறங்குகிறார்கள். இரவுக்குள் சாம்பலும் குப்பையும் போய், லாரிகளில் கொண்டுவந்த தண்ணீரால் சாலை கழுவப்படுகிறது. மிஞ்சிய செங்கற்களை அள்ளி ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறார்கள். பொங்கலுக்குத் தேதி ஒன்று. மறுநாள் காலை தெரு சுத்தமாக இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டிய அலுவலகமும் ஒன்று. அதனால் வேலை நடக்கிறது.

ஓடைக்கு அந்த வசதி இல்லை. நீர்ப்பாசனத் துறை, மாநகராட்சி, ரயில்வே என்று அதற்கு மூன்று சொந்தக்காரர்கள். பாராட்டு என்றால் மூவரும் வருவார்கள், பழி என்றால் மூவரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள். 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒரு முயற்சி நடந்தது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தலைமைச் செயலாளரும் மாவட்ட நிர்வாகமும் எல்லாத் துறைகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். தம்பானூர், கிழக்கேகோட்டை ஓடைகளின் மேல் எழுந்திருந்த கட்டுமானங்கள் வெளியே தெரிந்தன. பல ஆண்டுகளின் மண்ணும் குப்பையும் வாரி எடுக்கப்பட்டன. அடுத்தடுத்துத் தேர்தல்கள் வந்தன, வேகம் குறைந்தது. ஓடை பழைய நிலைக்குத் திரும்பியது.

அதன் விலை 2024-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 13. ரயில்வே ஒப்பந்ததாரர் அமர்த்திய தொழிலாளர்கள் தம்பானூரில் ஓடைக்குள் இறங்கிக் குப்பை அள்ளிக்கொண்டிருந்தபோது மழை வலுத்தது. வெள்ளம் ஒருவரை ரயில் பாதைக்கு அடியில் இழுத்துப்போனது. தீயணைப்புப் படையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், கடற்படையினர் தேடினார்கள். மனிதன் சாக்கடைக்குள் இறங்காமல் இருப்பதற்காக இதே நகரத்தின் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய இயந்திர மனிதனும் தேடியது, அவர் இறங்கிய பிறகு. ஜூலை 15 காலை உடல் கிடைத்தது, பழவங்காடி ஸ்ரீசித்ரா இல்லத்தின் பின்புற ஓடையில். அங்கே தேடுபவர்கள் யாரும் இல்லை. தண்ணீரே கொண்டுவந்து ஒப்படைத்தது.

தேடுதல் முடிவதற்குள்ளேயே வாக்குவாதம் தொடங்கியிருந்தது. இது எங்கள் வேலை அல்ல என்றது ரயில்வே. எங்களை உள்ளே விடவில்லை என்றது மாநகராட்சி. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டது. மாநில அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. சாக்கடைக்குள் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. ஆனால் அரசுக் காகிதங்களில் இது சாக்கடை அல்ல, ஓடை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதில் நகரத்து மக்களுக்கும் பங்கு உண்டு. குப்பை முழுவதையும் விளப்பில்சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நகரம் இது. 2000-ல் திறந்த அந்த ஆலையை, நாற்றம் தாங்காத கிராமம் 2011 டிசம்பரில் பூட்டியது. அதன் பிறகுதான் வீட்டிலேயே மக்கவைக்கும் முறையும், மாதாமாதம் பிளாஸ்டிக் வாங்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்குக் கட்டணம் கொடுக்க முணுமுணுக்கும் கை, இரவில் பையைக் கட்டி ஓடையில் வீசத் தயங்குவதில்லை. ஏப்ரலில் தூர்வாரி மே மாதம் படம் எடுத்துக்கொள்ளும் ஓடை, ஆகஸ்டில் மறுபடி குப்பைத்தொட்டியாகிவிடுகிறது.

ஆக, தூர்வாருவதை ஆண்டு வேலையாக வைத்திருப்பதுதான் கோளாறு. அது அன்றாட வேலை. தெரு பெருக்குவதற்கு ஆண்டுக்கு ஒரு டெண்டர் விட்டு, மார்ச்சில் பில் கொடுத்து, ஏப்ரலில் பெருக்கச் சொன்னால் சிரிப்போம். ஓடைக்கு அதைத்தான் செய்கிறோம். மூன்று அலுவலகங்களும் சேர்ந்து ஓடை முழுவதற்கும் ஒரே கணக்கு, ஒரே பொறுப்பு அதிகாரி, பன்னிரண்டு மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. பொங்கல் நாளில் செய்வதை மற்ற நாட்களுக்கும் நீட்டினால் போதும்.

2025 டிசம்பர் தேர்தலில் மாநகராட்சி இடதுசாரிகளிடமிருந்து பாரதிய ஜனதாவின் கைக்கு மாறியது. ஓடைக்கு எந்தக் கொடியும் தெரியாது. ஒதுக்கீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, சதவீதம் எவ்வளவு என்று கேட்கும் ஆண்டுக் கணக்கு அறிக்கைதான் எல்லாக் கட்சிகளின் கீழும் வருகிறது. அதில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கலாம். முதல் மழையில் தண்ணீர் ஓடியதா என்பது ஒன்று. ஓடைக்குள் இறங்கியவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்களா என்பது மற்றொன்று.