தறிக்குழியும் மசாஜ் துப்பாக்கியும்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று அம்மாபேட்டை. தறிச் சத்தத்தோடு விடியும் தெருக்கள் இங்கே இன்னமும் இருக்கின்றன. ஒரு வீட்டில் கைத்தறி, பக்கத்து வீட்டில் விசைத்தறி, திண்ணையில் தார் சுற்றும் பாட்டி. தோள்வலியோ முதுகுவலியோ இல்லாத வீட்டை இந்தத் தெருக்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தைலம், வெந்நீர் ஒத்தடம், இடுப்பு பெல்ட், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை... இந்த வரிசையில் புதிதாக வந்து நிற்கிறது மசாஜ் துப்பாக்கி.

பார்ப்பதற்குத் துளை போடும் டிரில்லிங் மெஷின் மாதிரி இருக்கும். முனையில் ஒரு பந்து. உள்ளே ஒரு மோட்டார். மோட்டாரின் சுழற்சி முன்னும் பின்னும் போகும் அசைவாக மாறி, பந்து தசையின் மீது திரும்பத் திரும்பக் குத்துகிறது. விலை உயர்ந்த கருவிகளில் பந்து 16 மில்லிமீட்டர் தூரம் போய்வரும். நிமிடத்துக்கு 1,750 முதல் 2,400 குத்துகள். மலிவானவற்றில் பல, குத்துவதை விட அதிர்வதே அதிகம். கூடவே கைப்பேசியில் ஒரு செயலி. எந்த இடத்தில், எந்த வேகத்தில், எத்தனை நொடி வைக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே வரும். இதற்கு வைத்திருக்கும் பெயர்தான் "வழிகாட்டும் சிகிச்சை".

"பத்து நிமிஷம் வெச்சுப் பாருங்கண்ணா, அப்புறம் டாக்டர் கிட்டயே போக மாட்டீங்க!" என்கிறது விற்பனைப் பேச்சு.

கோபம் வர வேண்டிய இடம் இதுதான். கருவியின் மீது அல்ல, அந்தச் "சிகிச்சை" என்ற சொல்லின் மீது.

விபத்து எங்கே நடக்கிறது?

இந்தக் கருவி பிறந்த கதை எல்லோருக்கும் பிடிக்கும் கதை. ஜேசன் வெர்ஸ்லாண்ட் என்ற அமெரிக்க கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் வைத்தியர், 2007-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டார். வலி தாங்காமல் ஒரு மின்கருவியை மாற்றியமைத்துத் தன் தசைகளின் மீது தானே வைத்துக்கொண்டார். அதுதான் பிறகு "தெராகன்" ஆனது. 2016-ல் கடைக்கு வந்தது. அதன் பின் வேறு நிறுவனங்கள், அப்புறம் நூற்றுக்கணக்கான நகல்கள்.

எந்திரத்தால் தசையைத் தட்டி வலி போக்குவது அவர் கண்டுபிடித்த யோசனையும் அல்ல. 1880-களிலேயே லண்டன் மருத்துவர் ஜோசப் மார்ட்டிமர் கிரான்வில் மின்சாரத்தில் இயங்கும் தட்டுக்கருவியைச் செய்து, நரம்பு வலிக்கும் தசை வலிக்கும் பயன்படுத்தினார். நூறு வருடங்களுக்கு மேலாக வந்து வந்து போகும் சரக்கு இது.

வெர்ஸ்லாண்டின் கதையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது அவருடைய தொழில். இரண்டு, அவருடைய விபத்து 2007-ல் ஒரே ஒரு நாள் நடந்து முடிந்துவிட்டது. தறிக்காரரின் விபத்து அப்படிப்பட்டதல்ல. தினமும் காலையில் அவர் தறிக்குழிக்குள் காலை விடும்போது அது மறுபடியும் தொடங்குகிறது.

குழித்தறியில் உட்காருவது எப்படி என்று ஒரு தடவை நின்று பார்த்தால் போதும். தரை மட்டத்தில் ஒரு பலகை. சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. ஒரு கை நாடாவை ஓடவிடக் கயிற்றை இழுக்கிறது, மறு கை ஊடை இழையை நெருக்கி அடிக்கிறது. கண் இழை மீது இருப்பதால் கழுத்து முன்னால் குனிந்தே இருக்கிறது. இந்த அசைவு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. விசைத்தறியில் உட்காரவே வழியில்லை. ஷிப்டு முழுக்க நின்றபடி, தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்து, அறுந்த இழையைக் குனிந்து முடிய வேண்டும்.

இந்த உடம்புக்கு, இரவு பத்து நிமிடம் "வழிகாட்டும் சிகிச்சை". காலையில் மறுபடி அதே பலகை, அதே உயரம், அதே குனிவு. ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வலி குறைவது பொய்யா?

பொய் இல்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தோலிலும் தசையிலும் தொடுதலும் அதிர்வும் கிளப்பும் நரம்புச் செய்திகள், வலிச் செய்தி மூளைக்குப் போவதைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-லேயே விளக்கினார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே சங்கதிதான். ஆகவே துப்பாக்கி வைத்ததும் இதமாக இருப்பதில் அதிசயம் இல்லை. அந்த இதத்தை யாரும் பழிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் வழிகாட்டும் முறைகளின் பின்னால் இருக்கும் ஆதாரம் எவ்வளவு? 2020-ல் வெளிவந்து அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வில், 16 ஆரோக்கியமான ஆண்களின் கெண்டைக்காலில் 5 நிமிடம் துப்பாக்கியை வைத்தார்கள். கணுக்கால் மடங்கும் அளவு சுமார் 5 பாகை கூடியது. தசையின் வலுவில் மாற்றம் இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் வலியே இல்லாத 16 பேரின் கணுக்கால், இருபது வருடம் தறியில் உட்கார்ந்த ஒருவரின் தோளைப் பற்றி என்ன சொல்லும்?

செயலியின் வழிகாட்டுதல் விளையாட்டு வீரரையும் ஜிம்முக்குப் போகிறவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. "பயிற்சிக்கு முன்", "பயிற்சிக்குப் பின்", "ஓய்வு நாள்" என்றுதான் அது பேசும். நெய்த அளவுக்கே கூலி வாங்குகிறவருக்கு ஓய்வு நாள் என்றால் கூலி இல்லாத நாள். அது செயலியில் எந்தப் பொத்தானிலும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. கருவியின் எடை அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் வரை. தோள் வலிக்கிறவர் அந்தத் தோளைத் தூக்கி, கையைப் பின்னால் வளைத்து, அதிர்கிற கருவியைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும்!

கேட்கத் தெரியாத வைத்தியர்

பணம் வீணாவது சின்ன விஷயம். பெரிய ஆபத்து வேறு.

மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ போனால் முதலில் கேள்வி வரும். எப்போது ஆரம்பித்தது? ஒரு காலிலா, இரண்டிலுமா? வீக்கம் உண்டா? சர்க்கரை இருக்கிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? செயலிக்கு "கெண்டைக்கால் வலி" என்றால் கெண்டைக்கால் வலி, அவ்வளவுதான்.

நாள் முழுக்க நின்று வேலை செய்யும் விசைத்தறித் தொழிலாளிக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் அலுப்பாக இருக்கலாம். ஆழ்ந்த சிரைக்குள் இரத்தம் உறைந்த கட்டியாகவும் இருக்கலாம். அதன் மீது குத்தினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். இடது தோளும் கையும் வலித்து, கூடவே வியர்த்து, நெஞ்சு இறுகினால் அது தறி தந்த வலியாக இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். அப்போது துப்பாக்கியோடு கழியும் ஒவ்வொரு பத்து நிமிடமும் இதயத் தசையைத் தின்னும். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்துக்கு, அழுத்தம் அதிகமானது தெரியவே தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தோலுக்கடியில் இரத்தம் கட்டும். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் மூளைக்கு இரத்தம் போகும் பாதை; அங்கே இதை வைக்கவே கூடாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த குறிப்பு: சீனாவில் ஓர் இளம்பெண். சைக்கிள் பயிற்சிக்குப் பின் பயிற்சியாளர் அவருடைய தொடைகளில் மசாஜ் துப்பாக்கியைப் பயன்படுத்தினார். பிறகு தாங்க முடியாத வலி, தேநீர் நிறத்தில் சிறுநீர். தசை சிதைந்து அதன் பொருட்கள் இரத்தத்தில் கலந்திருந்தன. சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடிய நிலை அது. அவர் மருத்துவமனையில் சேர்ந்து தேறினார். இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் அங்கே பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். இங்கே தறிக்கொட்டகையில் பக்கத்தில் யார்?

யார் தப்பித்துக்கொள்கிறார்கள்?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழிலால் வரும் நோய்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் இடம் பெற்றது. இரைச்சலால் வரும் காது கேளாமையும் இடம் பெற்றது. வருடக்கணக்கில் தறியில் குனிந்ததால் வரும் முதுகுவலிக்கு இடம் கிடைக்கவில்லை. அப்படியே கிடைத்திருந்தாலும், வீட்டுக்குள் தறி போட்டு நெய்கிறவர் யாருக்கும் "தொழிலாளி" இல்லையே! நூல் கொடுப்பவர் ஒருவர், துணி வாங்குபவர் ஒருவர், வலி மட்டும் நெய்தவருக்குச் சொந்தம்.

இந்த ஏற்பாட்டுக்கு மசாஜ் துப்பாக்கி மிகவும் வசதியானது. "உன் வலி உன் தசையில் இருக்கிறது, அதை நீயே உன் காசில் சரிசெய்துகொள்" என்று அது சொல்லாமல் சொல்கிறது. பலகையின் உயரத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. கூலியைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. சேலம் துணிக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. அந்தத் துணியை நெய்யும் தோளை எந்தக் குறியீட்டில் சேர்ப்பது?

பிறகு என்னதான் செய்வது?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அம்மாபேட்டை போன்ற ஊர்களில் வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளர் கட்டிலில் கிடப்பவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தறிப்பலகையில் உட்கார்ந்திருப்பவரையும் ஐந்து நிமிடம் பார்க்கட்டும். பலகை இரண்டு அங்குலம் உயர வேண்டுமா, முதுகுக்கு ஒரு சாய்மானம் வேண்டுமா, வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து தோளைச் சுழற்ற வேண்டும் என்று சொல்லட்டும். உண்மையான வழிகாட்டும் சிகிச்சை அதுதான். அதற்கு பேட்டரியும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

கூட்டுறவுச் சங்கங்களும் துணி வாங்கும் முதலாளிகளும் கூலியைக் கணக்கிடும்போது, எழுந்து நடக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சையாளர் சொன்னது சொன்னதோடு நின்றுபோகும்.

ஏற்கெனவே துப்பாக்கி வாங்கியவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. என்ன வலி என்று மருத்துவரிடம் தெரிந்துகொண்ட பிறகு, எலும்பையும் கழுத்தையும் விட்டுவிட்டு, சதைப்பற்றான இடத்தில், குறைந்த வேகத்தில், ஓரிரு நிமிடம் வைத்துக்கொள்ளட்டும். தைலம் மாதிரி அதுவும் ஓர் இதம். தைலத்தை யாரும் சிகிச்சை என்று சொல்லி விற்றால் சிரிப்போம். இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்த தடவை "பத்து நிமிஷம் வெச்சுப் பாருங்கண்ணா" என்று ஒருவர் கடையில் கருவியை நீட்டினால், ஒரே ஒரு பதில் போதும்: "நீங்க ஒரு பத்து நிமிஷம் எங்க தறியில உக்காந்து பாருங்க தம்பி. அப்புறம் பேசலாம்."