பிடிக்கிறவருக்கும் கைதட்டுவோம்!

சடுகுடு ஆட்டத்தில் பாடிப் போகிறவரின் பெயர் ஊருக்கே தெரியும். அவரை மடக்கிப் பிடிக்கிறவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாடி வருகிறவருக்கு 30 விநாடி. அதற்குள் அவர் பாய்வாரா, பதுங்குவாரா என்று கண்டுகொள்ள வேண்டும். முந்தினால் பிடி நழுவும். பிந்தினால் ஆள் தப்பிவிடுவார். பலம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

அந்தப் பொறுமைக்குச் சாட்சி, தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். 2016-ல் அவர் தலைமையில் பாட்னா அணி புரோ கபடிக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஆமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41!

அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஓடி வருகிறவரை மடக்கிப் பிடிக்கும் மாணவருக்கும் அங்கே பல கல்லூரிகள் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில், கரும்பு வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்த வழி திறக்க வேண்டாமா? நம் கல்லூரிகள் பிடி ஆட்டக்காரர்களையும் தேடிப் பிடிக்கட்டும்!

பெற்றோர்களே! பிள்ளை முழங்காலில் மண்ணோடு வந்தால் திட்டாதீர்கள். "இன்று எத்தனை பேரைப் பிடித்தாய்?" என்று கேளுங்கள்.