நோன்பிருந்த பண்ணை



சரவணம்பட்டியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தவர்கள் இன்று வந்து இறங்கினால் வழி கேட்டுத்தான் நடக்க வேண்டும். சத்தி சாலையின் இருமருங்கிலும் சோளத்தட்டு அசைந்த நிலமெல்லாம் இன்று கண்ணாடிச் சுவர் போட்ட அடுக்குமாடிகளாகிவிட்டது. கீரணத்தம் பக்கம் எழுந்துள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரிவதற்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிகிறார்கள். அவர்களை நம்பியே எங்கள் தெருவில் மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது. அறைக்கு மூன்று கட்டில், தளத்துக்கு ஒரு குளியலறை; வாடகை மட்டும் குறைவில்லாமல் வாங்கப்படுகிறது!

ரமலானுக்கு ஒரு மாதம் இருக்கையில், உடுமலையிலிருந்து என் சின்னம்மா மகள் என்னைத் தேடி வந்தாள். அவளுடைய ஒரே மகன் இங்குள்ள ஒரு கணினி நிறுவனத்தில் வேலையில் இருக்கிறான். விடுதியை விட்டு வெளியேறி, உடன் பணிபுரியும் ஐந்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு தனி வீடு எடுத்திருக்கிறானாம். அறுவரில் இவன் ஒருவனே முஸ்லிம்.

“அக்கா, நீங்களே வந்து பாருங்க. சுவர் நிறையச் சட்டம் எழுதி ஒட்டியிருக்கானுங்க” என்று என்னைக் கையோடு அழைத்துச் சென்றாள்.

சமையற்கட்டுச் சுவரில் உண்மையாகவே ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. காலை 5 மணிக்கு எழுதல். இரவு 10 மணிக்குக் கைப்பேசிகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடுதல். நாளொன்றுக்கு இருபது பக்கம் வாசித்தல். ஞாயிறுதோறும் அவரவர் செலவுக் கணக்கை எல்லார் முன்னிலையிலும் படித்தல். புகையும் மதுவும் கூடாது. வீட்டினுள் சைவச் சமையல் மட்டும். பாத்திரம் கழுவுதல், குளியலறை துடைத்தல், குப்பை கொட்டுதல் ஆகியவற்றுக்கு முறை வைத்துப் பெயர்கள். ஒருவரையொருவர் செம்மைப்படுத்திக்கொள்ளும் வீடு என்று பெருமையோடு சொன்னார்கள். அவர்களுள் ஒருவனுடைய அண்ணன் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறானாம். அங்கே மாணவர்கள் ஒரு வீட்டைக் கூட்டாக வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு அறையும் பொதுவான சமையற்கட்டுமாக வாழ்வது நெடுநாளைய வழக்கம். யார் எப்போது துடைக்க வேண்டும் என்ற அட்டவணை சமையற்கட்டில் தொங்குவதும் அங்கே சாதாரணம். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இவர்களும் தொடங்கியிருக்கிறார்கள்.

எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்துவிட்டது. என் தங்கைக்கோ முகம் தெளியவில்லை. வீடு திரும்பும் வழியில் மனத்தில் இருந்ததைக் கொட்டினாள்.

சென்ற ரமலானில் அவன் ஒரு விடுதியில் இருந்தான். அங்கே இரவு 9 மணிக்குச் சமையற்கூடத்தைப் பூட்டினால் காலை 7 மணிக்குத்தான் திறப்பார்கள். இரண்டு வாழைப்பழமும் பிஸ்கட்டுமாகச் சில நாள் ஸஹர் செய்திருக்கிறான். பத்தாம் நோன்போடு விட்டுவிட்டான். ஆனால் தொலைபேசியில், “எல்லா நோன்பும் பிடித்துவிட்டேன் அம்மா” என்றே சொல்லியிருக்கிறான். “நோன்பை விட்டதைக்கூட அல்லாஹ்விடம் அழுது கேட்டுக்கொள்ளலாம் அக்கா. என்னிடம் பொய் சொன்னானே, அதுதான் தாங்கவில்லை. இப்போது ஐந்து பேர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வீடு வேறு. நகரின் மறுகோடியானாலும் பரவாயில்லை, உக்கடம் பக்கம் நம்மவர்கள் தங்கும் இடமாகப் பார்த்து மாற்றிவிடச் சொல்லுங்கள்” என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆசிரியையாக இருந்த நாள்களில் காந்தியடிகளின் சுயசரிதையையும் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் பற்றிய அவருடைய நூலையும் பலமுறை படித்திருக்கிறேன். அவற்றில் வரும் ஒரு கூட்டுக்குடியிருப்பு என் நினைவுக்கு வந்தது. அன்று இரவு தங்கைக்கு அதைத்தான் சொன்னேன். இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க் நகரில் ஹெர்மன் காலன்பாக் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். ஜெர்மானியர், யூதக் குடும்பத்தவர், செல்வச் செழிப்பில் திளைத்தவர். வீட்டு வாடகை நீங்கலாகத் தம் ஒருவருக்காகவே மாதம் 1,200 ரூபாய் செலவிட்டு வந்தவர், காந்தியடிகளின் நட்புக்குப் பின் அதனை 120 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டார். நூறாண்டுக்கு முந்தைய ரூபாய் என்பதை மறந்துவிடக் கூடாது. நண்பர்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்து, தம் வேலைகளைத் தாமே செய்து பழகினார்கள். ஆர்ச்சர்ட்ஸ் பகுதியில் அவர்கள் வாழ்ந்த அவ்வீடு 2011ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாகவும் விருந்தினர் இல்லமாகவும் இருந்து வருகிறது.

இருவரின் சோதனை பெருங்கூட்டத்தின் வாழ்க்கையாக மாற நேர்ந்ததற்குக் காரணம் நம் தமிழர்கள். ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் தமிழரே மிகுதி. கணவன் சிறையிலிருக்கும் குடும்பத்துக்கு அரிசிக்கு எங்கே போவது? வீடு வீடாக உதவித்தொகை கொடுக்கப் போராட்ட நிதி தாங்கவில்லை. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் வாழச் செய்வது ஒன்றே வழியாயிற்று. 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகையின்றிப் போராட்டக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். லாலி ரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று, குன்றடியில் ஒரு சிறு வீடு. மற்ற கட்டடங்களைக் குடியேறியவர்களே எழுப்பிக்கொண்டார்கள்.

அங்கிருந்த சட்டங்களைக் கேட்டால் சரவணம்பட்டிப் பட்டியல் குழந்தை விளையாட்டாகத் தோன்றும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இல்லங்கள். சமையற்கட்டு மட்டும் ஒன்று. உண்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். கழிவகற்றுவதும் தங்கள் கையால்தான். கோதுமையைக் கை இயந்திரத்தில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். நிலக்கடலையில் வெண்ணெய் எடுத்தார்கள். படுக்கைக்கு இரண்டு கம்பளியும் ஒரு மரத் தலையணையும். சொந்த விருப்பத்தில் நகரத்துக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும். இரவு 2 மணிக்குப் புறப்பட்டு, பண்ணை ரொட்டியைக் கட்டிக்கொண்டு 21 மைல் நடந்துபோய், அன்றே திரும்பியவர்கள் பலர். காலணி தைக்கவும் கற்றுக்கொண்டார்கள். காலன்பாக் மரியன்ஹில் என்னும் ஊரிலுள்ள ஜெர்மானியத் துறவியர் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகளும், அவரிடமிருந்து மற்றவர்களும் கற்றார்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தியடிகள்தாம்! கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் நூலை வைத்துக் கற்ற அரைகுறைத் தமிழ். எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் அவர் கற்பித்தார். பேச்சுத் தமிழில் மாணவர்கள் அவரை எளிதில் வென்றுவிடுவார்களாம். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் வந்தால் அந்தப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். ஆசிரியர் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவளுக்கு இந்தச் செய்தி தரும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

அங்கே நடந்தவை அனைத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருநாள் இளைஞன் ஒருவன் இரு சிறுமியரைக் கேலி செய்துவிட்டான். காந்தியடிகள் இரவெல்லாம் தூங்காமல் யோசித்து, மறுநாள் அந்தச் சிறுமியரின் நீண்ட கூந்தலைத் தம் கையாலேயே வெட்டிவிட்டார். பண்ணையிலிருந்த மூத்த பெண்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு இணங்கினார்கள். பெண்களைக் காக்கும் எண்ணத்தில் செய்ததாகவே அவர் எழுதியிருக்கிறார். இருப்பினும், பிழை செய்தவன் ஒருவனாயிருக்கத் தலைமுடி இழந்தவர்கள் வேறு இருவர் என்பதை, பேத்திகளுக்குப் பின்னல் போட்டுவிடும் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

நம் பேச்சுக்கு வருவோம். அந்தச் சமையற்கட்டு சைவச் சமையற்கட்டு. குடியிருந்தவர்களிலோ இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், பார்சிகள் எல்லாரும் உண்டு. இறைச்சி உண்டு வளர்ந்தவர்களிடம் அதை விடச் சொல்வது எப்படி? முஸ்லிம்களும் கிறித்தவர்களும் மாட்டிறைச்சியே கேட்டாலும் கொடுத்தாக வேண்டும், அதற்காக அவர்களைப் பண்ணையில் சேர்க்காமலிருப்பது ஆகாது என்று காந்தியடிகள் முதலில் தம் மனத்தில் முடிவு செய்துகொண்டார். அதன் பிறகே பெண்களிடம் சென்று தம் விருப்பத்தைச் சொன்னார். அவர்கள் இசைந்த பின்னர்தான் அது பண்ணையின் சட்டமாயிற்று.

ரமலான் வந்தது. பண்ணையில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் நோன்பு நோற்க ஊக்கம் தர வேண்டும் என்று காந்தியடிகள் கருதினார். விடியலுக்கு முன் உணவுக்கும், மாலையில் நோன்பு திறக்கக் கஞ்சி முதலியவற்றுக்கும் ஏற்பாடாயிற்று. அதோடு நிற்கவில்லை. மற்றவர்களும் அவர்களுக்குத் துணையாக நாளுக்கு ஒருவேளை உணவு என்று இருந்துவிட்டார்கள்! இந்துக்களும் பார்சிகளும் தண்ணீர் அருந்தினார்கள், ஸஹருக்கு எழவில்லை, சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே மாலை உணவை முடித்துக்கொண்டார்கள். அப்படி முன்னதாக முடித்ததால், முஸ்லிம் நண்பர்களுக்குப் பலகாரம் செய்து பரிமாற அவர்களுக்கு நேரம் கிடைத்தது. நோன்பிருந்த பிள்ளைகளும் தங்கள் பொருட்டுப் பிறருக்குக் கூடுதல் சிரமம் வைக்காமல் அவ்வளவு பணிவாக நடந்துகொண்டார்களாம். மதத்தின் பேரால் அங்கே பிள்ளைகளுக்குள் ஒரு சண்டைகூட வந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். 1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பண்ணை வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

“அதெல்லாம் காந்தியார் காலம் அக்கா” என்றாள் தங்கை.

அவளுக்கு நம் வீட்டுக் கதையொன்றையும் நினைவூட்டினேன். மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் வாழ்ந்த திண்ணைத் தோழர்களை அறியாதவர் நம்மில் யார்? வீடும் வாசலும் இன்றிக் கல்விக்காகவே கூடியிருந்தவர்கள். பசியால் வாடிய அபூஹுரைரா (ரலி) அவர்களிடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிண்ணம் பாலைக் காட்டித் திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்துவரச் சொன்னார்கள். இந்தப் பால் எத்தனை பேருக்குக் காணும், நமக்கு என்ன மிஞ்சும் என்று அவர் உள்ளம் அடித்துக்கொண்டது. ஆயினும் ஒவ்வொருவராக அருந்தக் கொடுத்து, எல்லாரும் நிறைந்த பின்னரே அவர் அருந்தினார். வயிறு கொள்ளாத அளவுக்கு அருந்தினார்.

தங்கை நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அப்படியானால் அந்த ஐந்து பேருக்கும் இவன் நோன்பு பிடிப்பவன் என்று தெரியுமா?” என்று கேட்டாள். அதுதானே கேள்வி!

மறுநாள் அவனை வரவழைத்தேன். “சைவச் சமையல் என்று எழுதும்போது உன்னைக் கேட்டார்களா?” என்றேன். “கேட்டார்கள் பெரியம்மா. வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன், சரி என்றேன்” என்றான். “ரமலானைப் பற்றி நீ சொன்னாயா?” தலை குனிந்துகொண்டான். நால்வர் தூங்கும் நேரத்தில் பாத்திரத்தை உருட்டினால் என்ன நினைப்பார்களோ, தனக்கென்று ஒரு சலுகை கேட்பதுபோல் ஆகுமோ என்று கூச்சமாம். விடுதியிலும் அதே கூச்சந்தான். சமையற்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது வேறு. தாயிடம் பொய் சொன்னதற்கும் அங்கேதான் வேர் இருந்தது. தான் பிடிக்காத நோன்புகளின் கணக்கை அன்று தாயின் முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்லி, களாவாக நோற்றுவிடுவதாகக் கண்கலங்கினான். செலவுக் கணக்கை ஞாயிறுதோறும் உரக்கப் படிக்கிற பிள்ளை இந்தக் கணக்கைச் சொல்ல ஓராண்டு எடுத்துக்கொண்டான்! என் தங்கை கோபித்தாள், அழுதாள், கடைசியில் தேநீர் போட எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறு நண்பர்களிடம் சொல்லிவிட்டானாம். தருமபுரிப் பையன் ஒருவன், “இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று சடைத்துக்கொண்டானாம். 10 மணிக்கு விளக்கணைக்கும் வழக்கம் தராவீஹ் முடிந்து வருகிறவனுக்குப் பொருந்தாது என்று தள்ளிவைத்தார்கள். ரமலான் முழுதும் அவனுக்குக் காலைச் சமையல் முறை. ஸஹருக்கு எழும்போதே ஆறு பேருக்கும் சேர்த்து உலை வைத்துவிடுவான். மாலைப் பாத்திரங்கள் மற்றவர்கள் பொறுப்பு. தாமும் நோன்பிருப்பதாக எவரும் சொல்லவில்லை. அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

தங்கை உடுமலைக்குப் புறப்படுமுன் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நோன்புக்கஞ்சிக்குச் சாமான் கட்டினாள். குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பட்டை, கிராம்பு, உரித்த பூண்டு. கறி சேர்க்காமல் செய்யும் பக்குவத்தை ஒரு தாளில் எழுதி மேலே செருகினாள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாக முப்பது பொட்டலங்கள். ஓர் ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று ஒன்றைப் பிரித்து அளந்து பார்த்தேன். ஆறு பேருக்கு அளந்திருந்தாள்.